வில்லி மேஸுக்கு எழுந்து நின்றவர்கள்

2024 ஜூன் 18 அன்று அமெரிக்க பேஸ்பால் வீரர் வில்லி மேஸ் 93 வயதில் போய்ச் சேர்ந்தார். ஆடுவதை விட்டு ஐம்பது வருடம் தாண்டிவிட்டது. அவர் ஆட்டத்தை நேரில் பார்த்தவர்கள் இன்று எத்தனை பேர் இருப்பார்கள்? ஆனாலும் அலபாமா மாநிலத்து பர்மிங்ஹாமின் ரிக்வுட் மைதானத்தில் ஒரு சின்ன லீக் ஆட்டத்தின் நடுவே சேதியை அறிவித்ததும், கூட்டம் எழுந்து நின்று கைதட்டி ‘வில்லி, வில்லி’ என்று கூவியது. 1948இல், பள்ளி முடிக்கும் முன்பே, கறுப்பினத்தவருக்கான லீக்கில் அவர் ஆடிய மைதானம் அது. இரண்டு நாள் கழித்து அங்கேயே அவரைக் கௌரவிக்கும் பெரிய ஆட்டம் நடக்க இருந்தது. தன்னால் வர முடியாது என்று முந்தைய நாள்தான் சொல்லியிருந்தார்.

சான் பிரான்சிஸ்கோவில் அவர் சிலைக்கு அடியில் பூக்களைக் குவித்தார்கள். சுற்றிலும் 24 பனைமரங்கள். அவருடைய சட்டை எண்.

660 ஹோம் ரன் (நம் கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) என்று எல்லோரும் எழுதுகிறார்கள். சரி. எனக்கென்னவோ 1954 உலகத் தொடரின் (அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டி) முதல் ஆட்டத்தில் அவர் பிடித்த கேட்ச்தான் பெரிது. ஸ்கோர் 2-2, எதிரணிக்கு இரண்டு பேர் பேஸில், ஓடி ரன் எடுக்கக் காத்து நிற்கிறார்கள். விக் வெர்ட்ஸ் அடித்த பந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டே ஓடி, தோளுக்கு மேலாக விழுந்ததை ஏந்தினார். பிடித்ததைவிட, அவர்கள் ரன் எடுக்காதபடி சட்டென்று திரும்பி எறிந்தாரே, அதுதான் பெரிய விஷயம். பழைய காணொளி இணையத்தில் கிடைக்கிறது. எறியும்போது தொப்பி பறக்கும், பாருங்கள். பறக்கட்டும் என்றே அதற்கேற்ற தொப்பி போடுவாராம் மனிதர்!