காசநோய் டைரி: 35 கிலோவுல ஆரம்பிச்ச ஆறு மாசம்

ஜூன் 9, 2025, திங்கள்

காசநோய் களப்பணியில நான் பாக்கிற ஏரியாவுல இன்னிக்கு புதுசா ஒருத்தருக்கு ட்ரூநாட் (சளியில டி.பி. கிருமி இருக்கான்னு பாக்கிற டெஸ்ட்) பாசிட்டிவ். டி.பி.க்கு முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு கிருமி அடங்காம போகல (ரெசிஸ்டன்ஸ் இல்ல), அந்த மட்டுக்கும் நிம்மதி, சாதாரண ஆறு மாச மாத்திரையே கேக்கும். (இங்க யாரோட பேரும் ஊரும் எழுத மாட்டேன், அடையாளம் தெரியுற விஷயத்தையும் மாத்திதான் எழுதுவேன்.) கொத்தனார் வேலை, நாப்பது வயசு கூட ஆகல. ரெண்டு மூணு மாசமா இருமல், சாயங்காலம் ஆனா காய்ச்சல், மெடிக்கல்ல டானிக் வாங்கி குடிச்சிட்டு வேலைக்கு போயிட்டே இருந்திருக்கார். எடை பாத்தா 35 கிலோ. உயரம் 160. பி.எம்.ஐ. (உயரத்துக்கு தகுந்த எடை இருக்கான்னு பாக்கிற கணக்கு) 14க்கும் கீழ, ரொம்ப கம்மி.

தமிழ்நாட்டுல 2022ல 'காசநோய் இறப்பில்லா திட்டம்'னு ஆரம்பிச்சாங்க இல்லையா, அதுல நோய் உறுதியானதும் அஞ்சு விஷயம் பாக்கணும். உடம்பு எடை உயரத்துக்கு தகுந்த மாதிரி இருக்கா, கால் வீங்கியிருக்கா, நிமிஷத்துக்கு எத்தன தடவ மூச்சு விடுறார், ஆக்சிஜன் எவ்வளவு, பிடிமானம் இல்லாம எழுந்து நிக்க முடியுதா, அவ்வளவுதான். எடை மெஷினும் விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டரும் ஒரு வாட்சும் இருந்தா போதும், எந்த நர்ஸ் சிஸ்டரும் பத்து நிமிஷத்துல பாத்துடலாம். எதுக்கு இவ்வளவு அவசரம்னா, டி.பி.ல இறந்து போறவங்கள்ல பெரும்பாலானவங்க சிகிச்சை ஆரம்பிச்ச முதல் ரெண்டு மாசத்துலயே போயிடுறாங்க. மாத்திரை கையில வந்தாச்சு, இனி பயமில்லன்னு வீட்டுல எல்லாரும் நினைச்சிட்டு இருக்கும்போதே.

இவருக்கு எடையும் கம்மி, காலும் வீங்கியிருக்கு, ஆக்சிஜனும் கம்மி, 93. அட்மிட் பண்ணியே ஆகணும்னு டாக்டர் சொல்லிட்டார். "படுத்துட்டா வீட்டுல அடுப்பு எரியாது சார்"னு அவர் ஒரே பிடிவாதம். பீடி சுத்துற சம்சாரம்தான் கடைசியில, "நீ எழுந்து வந்தா போதும்யா, நான் பாத்துக்கிறேன்"னு சொல்லி அழைச்சிட்டு போச்சு.

ஜூன் 30, 2025, திங்கள்

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்துட்டார். ஜீப்ப தெரு முனையிலேயே விட்டுட்டு நடந்துதான் போனேன், டி.பி.ன்னு எழுதின வண்டி வாசல்ல நின்னா வீட்டு ஓனர் காலி பண்ண சொல்லிடுவார்னு அவரோட சம்சாரம், அந்த அக்கா பயப்படுது. பயம் நியாயமானதுதான், அப்படி காலி பண்ண வச்ச வீட்ட நானே பாத்திருக்கேன்.

உள்ள போனா அவருக்கு தனி தட்டு, தனி டம்ளர், பாயும் தனியா திண்ணையில. தட்டு டம்ளர்ல இது பரவாதும்மா, இருமும்போது காத்துலதான் பரவும், ஜன்னல தொறந்து வைங்க, அவரு வாயில துணி வச்சி இருமட்டும், இனிமே ஒண்ணா உக்காந்தே சாப்பிடலாம்னு சொன்னேன். மாத்திரை போட ஆரம்பிச்சதும் கிருமிய பரப்புறது சீக்கிரமே குறைஞ்சிடும், வீட்டுல இருக்கறவங்களுக்கு பெரிய ஆபத்தே நோய் கண்டுபிடிக்காம இருந்த அந்த மூணு மாசம்தான். அதனால பசங்க ரெண்டு பேரையும் அந்த அக்காவையும் எக்ஸ்ரேவுக்கு அனுப்பிருக்கேன். நோய் இல்லன்னு உறுதியானா தடுப்பு மாத்திரை ஆரம்பிக்கணும், வாரத்துக்கு ஒரு தடவ, 12 வாரம். "நல்லா இருக்கற புள்ளைக்கு எதுக்கு சார் மாத்திரை"ன்னு எல்லா வீட்டுலயும் கேக்கிற கேள்வி இங்கயும் வந்துச்சு. கிருமி உடம்புக்குள்ள தூங்கிட்டு இருக்கும், எப்ப முழிக்கும்னு தெரியாதுன்னு பொறுமையா சொன்னேன்.

சிறுநீர் ஆரஞ்சு கலர்ல போகுதுன்னு பயந்துட்டு அவர் ரெண்டு நாள் மாத்திரை போடலையாம். அது ரிஃபாம்பிசினோட கலர், ஒண்ணும் ஆகாது. இத முதல் நாளே அழுத்தி சொல்லி அனுப்பணும், இதுக்கு பயந்தே நிறுத்துறவங்க எத்தன பேரு.

ஜூலை 18, 2025, வெள்ளி

பணம் இன்னும் வரல. டி.பி. நோயாளிக்கு சத்தான சாப்பாட்டுக்கு அரசு பணம் தர்ற நிக்ஷய் போஷன் திட்டத்துல 2018ல மாசம் 500 ரூபான்னு ஆரம்பிச்சது போன நவம்பர்ல இருந்து 1000 ஆகியிருக்கு, அதுல முதல் 3000 நோய் பதிவானதுமே மொத்தமா வரணும். அக்கவுண்ட்ல ஆதார் இணைக்கலன்னு திரும்பி போயிடுச்சு. இன்னிக்கு பூரா பாஸ்புக்க தூக்கிட்டு கவுண்டர் கவுண்டரா நின்னோம். அவருக்கு சோறு வேண்டியது இப்பதான், நாலு மாசம் கழிச்சு வர்ற பணத்துல இந்த மாசத்து முட்டைய வாங்க முடியாது. எனக்கு இதுல கோபம் கோபமா வருது.

நிக்ஷய் மித்ரா (டி.பி. நோயாளிக்கு உதவ முன்வர்றவங்கள சேக்கிற திட்டம்) மூலமா ஒரு அரிசி மண்டிக்காரர் அரிசி, பருப்பு, எண்ணெய், வேர்க்கடலை தர்றார், அதுலதான் வீடு ஓடுது.

ஆகஸ்ட் 7, 2025, வியாழன்

முதல் ரெண்டு மாசம் முடிஞ்சிருச்சு, சளி டெஸ்ட் நெகட்டிவ்! எடை 39. நான் ரெண்டு தடவ ஏத்தி பாத்தேன். இனி நாலு மருந்து கலந்த மாத்திரை போய் மூணு மருந்து மாத்திரை, நாலு மாசத்துக்கு.

எடைக்கு எதுக்கு இவ்வளவு குதிக்கிறேன்னா, ஜார்கண்ட்ல ரேஷன்ஸ்னு ஒரு ஆய்வு நடத்தி 2023ல வெளியிட்டாங்க, டாக்டர் அனுராக் பார்கவா, டாக்டர் மாதவி பார்கவா குழு. நோயாளிக்கு மாசம் 10 கிலோ உணவுப்பொருள், வீட்டுல இருக்கற ஒவ்வொருத்தருக்கும் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, கூடவே சத்து மாத்திரை. முதல் ரெண்டு மாசத்துல எடை நல்லா ஏறினவங்க மத்தியில இறப்பு ரொம்ப கம்மியா இருந்துச்சு, அரிசி பருப்பு சாப்பிட்ட குடும்பங்கள்ல புதுசா டி.பி. வர்றதும் கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைஞ்சது. பெரும்பாலும் அரிசியும் பருப்பும்தாங்க.

இத சொன்னா எங்க ஆளுங்கள்லயே சிலர் மெட்ராஸ் ஆய்வ எடுத்து போடுவாங்க. 1956ல மெட்ராஸ்ல ஆரம்பிச்ச சென்டர் (இப்ப சேத்துப்பட்டுல இருக்கற காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்), சானடோரியத்துல (டி.பி. நோயாளிகள தங்க வச்சு பாக்கிற ஆஸ்பத்திரி) நல்ல சாப்பாடு, ஓய்வுன்னு இருந்தவங்களையும் குடிசையில இருந்துகிட்டே மாத்திரை போட்டவங்களையும் ஒப்பிட்டு பாத்துச்சு, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி குணமாச்சு. 1959ல அந்த ரிசல்ட் வந்த பிறகுதான் உலகம் முழுக்க வீட்டுல வச்சே வைத்தியம்ங்கறது வந்துச்சு, நம்ம ஊரு உலகத்துக்கு கொடுத்த பெரிய கொடை அது, அதுல எனக்கு அவ்வளவு பெருமை. ஆனா அத வச்சு சாப்பாடு முக்கியமில்லன்னு சொல்றது சரியில்ல. மாத்திரை கிருமிய கொல்லும், ஆனா கொல்ற வரைக்கும் 35 கிலோ உடம்பு தாக்குப்பிடிக்கணுமே.

செப்டம்பர் 12, 2025, வெள்ளி

பணம் வந்துருச்சு. பசங்க தடுப்பு மாத்திரைய விடாம போடுறாங்க. அவர் சித்தாள் வேலைக்காவது போறேன்னு நிக்கிறார், சிமெண்ட் தூசி வேணாம்னு டாக்டர் சொல்லிருக்கார். நல்லா ஆயிடுச்சுன்னு தோணுற இந்த நேரத்துலதான் நிறைய பேர் மாத்திரைய விட்டுடுவாங்க, அதனால வாரத்துல ஒரு தடவையாவது போன்ல பேசிடுறேன்.

நவம்பர் 13, 2025, வியாழன்

உலக சுகாதார நிறுவனத்தோட காசநோய் அறிக்கை நேத்து வந்துச்சு. இந்தியாவுல 2015ல லட்சம் பேருக்கு 237 ஆக இருந்த புது நோயாளிகள் 2024ல 187. 21 சதவீதம் குறைவு. உலக அளவுல பாத்தா நல்ல வேகம்தான், களத்துல நாய் மாதிரி அலையுற ஒவ்வொருத்தருக்கும் இதுல பங்கு இருக்கு. ஆனா 2025க்குள்ள ஒழிப்போம்னு வச்ச இலக்கு 80 சதவீதம் குறைக்கணும்ங்கறது. வருஷம் முடியப்போகுது, எட்டல, அத எட்டலன்னே சொல்லணும். அடுத்த தேதி எதுவா இருந்தாலும் முதல் நாள்லயே எடை பாக்கிறதும் முதல் மாசத்துலயே சோறு போய் சேர்றதும் ஒவ்வொரு மாநிலத்துலயும் கட்டாயம் ஆகணும், அதுவரைக்கும் நான் இதத்தான் மீட்டிங் மீட்டிங்கா சொல்லிட்டு இருப்பேன்.

டிசம்பர் 1, 2025, திங்கள்

மாத்திரை முடிஞ்சுது. கடைசி சளி டெஸ்டும் நெகட்டிவ். எடை 46.

திரும்ப வரலாம்ங்கறதால ரெண்டு வருஷத்துக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவ வந்து பாத்துட்டு போகணும்னு சொன்னேன், ஜூன் மாசத்த காலண்டர்ல குறிச்சு வச்சிருக்கேன். போகும்போது, பக்கத்து சைட்ல ஒரு மேஸ்திரி ரொம்ப நாளா இருமுறார், இளைச்சும் போயிட்டார் சார்னு சொன்னார். நாளைக்கு காலையில சளி டப்பாவோட அங்க போறேன், இவரும் கூட வர்றேன்னு சொல்லிருக்கார்.