பாலத்துக்குத் துரு ஏற்றிய கதை
என் மாடல் ரயிலுக்காக இரண்டு வாரமாக ஒட்டிக்கொண்டிருந்த பாலம் நேற்று முடிந்தது. ஹெச்ஓ என்ற மாடல் அளவு, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு (1:87), நிஜத்தில் 30 மீட்டர் நீளப் பாலம் இங்கே 34 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கட்டுவதுகூட எளிது, பழசாக்குவதுதான் பெரும்பாடு. முதலில் ஆர்வக்கோளாறில் முழுக்க ஆரஞ்சு பூசி, பாலம் கேரட் மாதிரி ஆகிவிட்டது! துரு அப்படியா வரும்? தண்ணீர் தேங்கும் மூலைகளிலும் ரிவெட்டுகளைச் சுற்றியும் தொடங்கி, மழைநீர் வழியும் பாதையில் கோடு கோடாகக் கீழே இறங்கும். சரி என்று மறுபடி சாம்பல் நிறம் அடித்து, அதன்மேல் நன்றாக நீர்த்த அடர்பழுப்பு, அப்புறம் கலர் சாக்பீஸைத் தேய்த்தெடுத்த பொடி. நீராவி எஞ்சின் ஓடும் பாதை என்பதால் மேலே உள்ள குறுக்குச் சட்டங்களின் அடியில் மட்டும் புகைக்கரி. பளபளப்பில்லாத வார்னிஷ் அடித்ததும் பாதிப் பொடி கண்ணுக்கே தெரியாமல் போனது, இன்னொரு தடவை தூவினேன். தண்டவாளத்தின் மேற்பரப்பை மட்டும் துடைத்துவிட்டேன், சக்கரம் தேய்க்கும் இடம் மின்னத்தானே வேண்டும் (எஞ்சினுக்கு மின்சாரமும் அந்த வழியாகத்தான் போகிறது).