நாலு ரவுண்டுக் கிளிப்

மார்ச் 12, 2025

குழல் சரிவந்துவிட்டது. உண்மையான போபர்ஸ் விமான எதிர்ப்புப் பீரங்கியின் குழல் 2.25 மீற்றர். அப்பாவுக்காக அதன் மாதிரியைப் பத்தில் ஒன்றாகச் செய்கிறேன், ஆகவே 22.5 சென்ரிமீற்றர். பழைய இரும்புக்கடையில் எடுத்த பித்தளைத் திரைக்கம்பியை அறுத்து, உள்ளே றேடியோ ஏரியலின் ஒரு துண்டைச் செருகினேன். வாய் நாலு மில்லிமீற்றர். அங்கே நாற்பது, இங்கே நாலு. காலையிலிருந்து மூன்று தடவை அளந்து பார்த்துவிட்டேன்.

அப்பா இரவு நன்றாகத் தூங்கினார்.

மார்ச் 13

கால் வீக்கம் கூடியிருக்கிறது. உப்பைக் குறைக்கச் சொல்கிறார்கள். உப்பில்லாமல் அவர் சாப்பிடமாட்டார்.

மார்ச் 15

இன்று முதல் தடவையாகக் கையில் கொடுத்தேன். குழலும் அதன் அடிப்பக்கச் சுருளும் மட்டும்தான். கிளாக்கோமாவில் இரண்டு கண்ணும் போய் ஆறு வருடம். ஆனால் அந்த விரல்கள்! பெருவிரலால் சுருளை ஒவ்வொரு வளையமாகத் தடவிக்கொண்டு போனார். குழலின் நுனிக்கு வந்ததும் நின்றார்.

"வாய் காணாது."

"என்னப்பா காணாது?"

"புனல் மாதிரி விரிஞ்சு இருக்க வேணும். நெருப்பை மறைக்கிறது அதுதான். இது வெறும் குழாய், தம்பி."

பிழைதான். படத்தில் பார்த்திருந்தும் அதைச் சின்ன விசயமென்று விட்டுவிட்டேன். கண்ணால் பார்ப்பவனுக்குச் சின்னது. தொட்டுப் பார்ப்பவருக்குக் குழல் முடிகிற இடமே அதுதான்.

மார்ச் 16

புனலுக்கு என்ன செய்வது?

மார்ச் 18

அம்மாவின் சிங்கர் மெசினுக்கு எண்ணெய் விடும் தகரக் குப்பி கிடைத்தது. அதன் மூக்கு கூம்பு. அடியிலிருந்து ஒன்றரை அங்குலத்தில் வெட்டித் திருப்பி வைத்தால் அதே விரிவு. வெட்ட மனம் வரவில்லை. அம்மாவின் கை பட்ட எண்ணெய் இன்னும் அதில் மணக்கிறது. கடைசியில் வெட்டினேன். அப்பாவிடம் எதிலிருந்து எடுத்தேன் என்று சொல்லவில்லை. அவர் தடவிப் பார்த்துவிட்டு மூக்கருகே கொண்டுபோனார். ஒன்றும் பேசவில்லை.

மார்ச் 21

மனைவி இன்று சொல்லிவிட்டாள். "இஞ்சருங்கோ, உதை ஹோலில வைக்காதீங்கோ."

எனக்குத் தெரியும். 2006 ஏப்ரலில் ஷெல் அடித்தபோது அவள் சம்பூரில் தாய்வீட்டில் நின்றாள், மகள் இடுப்பில். நான் இங்கே திருகோணமலை உவர்மலையில். கொட்டியாரக்குடாவுக்கு இந்தப் பக்கம் வெடிச்சத்தம் கேட்கும், ஜன்னல் கண்ணாடி அதிரும், அப்புறம் அந்தப் பக்கம் புகை எழும்பும். போனைத் திரும்பத் திரும்ப அடித்தும் எடுபடவில்லை. சத்தத்துக்கும் புகைக்கும் இடையில் நான் எண்ணிக்கொண்டிருந்தேன், எண்ணினால் ஏதோ ஆகும் என்பதுபோல. அவள் பனங்குற்றி அடுக்கிய பங்கருக்குள் பிள்ளையின் காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு கிடந்தாளாம். இப்போதும் கோவில் திருவிழாவில் வெடி கொளுத்தினால் வாசல்பக்கம் வரமாட்டாள்.

இந்த வீட்டில் பீரங்கி என்ற சொல்லுக்கு அப்பாவின் காதில் ஒரு சத்தம், அவள் காதில் வேறொரு சத்தம். இரண்டும் எனக்குக் கேட்கிறது. பின் அறையில்தான் இனி வேலை.

மார்ச் 22

வேலை செய்யவில்லை.

மார்ச் 25

அக்கா கனடாவிலிருந்து. "அப்பாவுக்கு ஒரு நல்ல சாய்மனைக் கதிரை வாங்கிக் குடுக்கலாமே, ஏன்டா துவக்கு?" கதிரை இருக்கிறது அக்கா. அவர் 1953இல் பத்தொன்பது வயதில் இராணுவத்தில் சேர்ந்து, 1962இல் வெளியே வந்தவர். அந்த ஒன்பது வருடத்தைப் பற்றி இந்த வீட்டில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. பிறகு வந்த காலத்தில் அதைச் சொல்லவே அவர் பயந்தார். சீருடைப் படத்தை அம்மா அரிசிப் பெட்டிக்குள் வைத்திருந்தா. எந்தப் பக்கத்தார் வந்து பார்த்தாலும் ஆபத்துத்தான்.

மார்ச் 27

சில்லு நாலும் கடைசலில் கொடுத்து எடுத்தேன். முதிரை மரம். கடைசல்காரர் காசு வாங்கமாட்டேன் என்றார். வற்புறுத்திக் கொடுத்தேன்.

மார்ச் 30

அப்பா இன்று பேசினார். மூச்சு நன்றாக இருந்த நாள்.

அவர் லோடர், குண்டு ஏற்றுகிறவர். போபர்ஸுக்குக் குண்டு மேலிருந்து போகும். ஒரு கிளிப்பில் நாலு ரவுண்டு, ஏறக்குறைய ஒன்பது கிலோ. நிமிசத்துக்கு 120 வேட்டு. அப்படியென்றால் நாலும் தீர இரண்டே விநாடி. அதற்குள் அடுத்த கிளிப் கையில் இருக்க வேண்டும். "பின்னால நிக்கிறவன் தாறதைப் பாக்காமலே வாங்க வேணும். பாத்தா பிந்திப்போகும்." சொல்லும்போது இரண்டு கையும் போர்வைக்கு மேலே எழும்பின, உள்ளங்கை மேல்நோக்கி. அப்படியே கொஞ்ச நேரம் நின்றன.

சுடும் பெடல் லோடரின் காலடியில் என்றார். இரவு நான் பார்த்தேன், தூக்கத்தில் அவர் கால் மெத்தையை அழுத்துகிறது. வீக்கத்தால் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

ஏப்ரல் 2

பெடல் வைத்தேன். ஊசி முனையளவு. அசையும்.

ஏப்ரல் 4

மூச்சு இழுப்பு. இரவு முழுக்க நிமிர்த்தி இருத்தினோம். மனைவிதான் முதுகைத் தாங்கிக்கொண்டு விடியும்வரை.

ஏப்ரல் 6

பச்சை அடித்தேன். நிறம் பிடிபடாதவருக்கு நிறம் எதற்கு என்று மகள் கேட்டாள். ஆனால் அப்பாவே கேட்டாரே: "என்ன பச்சை? இலைப்பச்சை கூடாது. போத்தல் பச்சையிலும் கறுப்பாக இருக்க வேணும்." மூன்று டின் கலந்தேன். காயவில்லை, புழுக்கம்.

ஏப்ரல் 9

இன்றைய நாளை அப்பா ஒருபோதும் மறப்பதில்லை. 1942. அவருக்கு எட்டு வயது. காலையில் ஜப்பான் விமானங்கள். துறைமுகத்தில் நின்ற ஹேர்மீஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் முதல்நாள் இரவே தப்பி வெளியே போய், மட்டக்களப்புக் கடலில் அன்றே மூழ்கியது. சீனன்குடாவில் ஒரு விமானம் எண்ணெய்த்தாங்கியில் விழுந்து நாட்கணக்கில் எரிந்தது. அப்பாச்சி பிள்ளைகளை மாட்டுவண்டியில் ஏற்றிக் கன்னியாப் பக்கம் போனா. வண்டியின் பின்பக்கம் இருந்துகொண்டு அவர் அந்தக் கரும்புகையைப் பார்த்தபடியே போனாராம். புகைக்குள் கீழேயிருந்து மேலே சிவப்புப் புள்ளிகள் வரிசையாக ஏறின. "அதுதான் போபர்ஸ் எண்டு பிறகுதான் தெரியும். அப்ப நினைச்சன், ஆரோ எங்களுக்காகத் திருப்பி அடிக்கினம்."

அதற்காகத்தான் சேர்ந்தார். எட்டு வயதில் முடிவெடுத்திருக்கிறார்.

ஏப்ரல் 10

எழுத மறந்தது. ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். 56 தனிச்சிங்களச் சட்டத்துக்குப் பிறகு ஒவ்வொன்றாக மாறியது என்றார். 62 ஜனவரியில் அரசைக் கவிழ்க்கச் சதிமுயற்சி, அதில் பீரங்கிப் படை அதிகாரிகளும் மாட்டினார்கள். பிறகு எல்லாம் கலைந்தது. "நான் என்ர கிளிப்பைத் தவிர வேற ஒண்டையும் தூக்கேல்லை." அவ்வளவுதான் சொன்னார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கேட்டிருக்கக்கூடாது.

ஏப்ரல் 12

மனைவி பின் அறைக்கு வந்தாள். நான் ரவுண்டு கடைந்துகொண்டிருந்தேன். இரண்டு முடிந்திருந்தது. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் அப்பாவின் கட்டிலுக்குப் போய் நின்றாள்.

"மாமா, இது எத்தினை பேரைக் கொண்டது?"

எனக்கு நெஞ்சு அடைத்துப்போனது. அப்பா கொஞ்ச நேரம் எடுத்தார். மூச்சுக்காகவா, யோசிக்கவா, தெரியவில்லை.

"ஒருத்தரையும் இல்லைப் பிள்ளை. விமானம் பின்னால நீளமாத் துணி கட்டி இழுத்துக்கொண்டு வரும். அந்தத் துணியைத்தான் ஒன்பது வருசமும் சுட்டம்."

அவள் அங்கேயே நின்றாள். பிறகு கேட்டாள்: "பட்டதா?"

"சிலநேரம்."

போர்வையைக் காலடியில் இழுத்துச் செருகிவிட்டு வந்தாள்.

ஏப்ரல் 14

புத்தாண்டு. கைவிசேஷம் அப்பாவிடம் வாங்கினோம். மூன்றாவது ரவுண்டு முடிந்தது. முழுவதையும் மடியில் வைத்தேன், நாலு சில்லு, இரண்டு புயம், மேசை, எல்லாம். ஒரு மணித்தியாலம் தடவினார். கைப்பிடியைச் சுழற்றிக் குழலை நேரே வானத்துக்கு உயர்த்தினார். உண்மையானதும் அப்படித்தான், தொண்ணூறு பாகை ஏறும். கிளிப்பைத் தடவி எண்ணினார்.

"மூண்டுதான் கிடக்கு."

"மற்றதுக்குப் பித்தளை காணாதப்பா. வாங்கவேணும்."

"மூண்டோட ஒருக்காலும் ஏத்தக்கூடாது."

ஏப்ரல் 16

நள்ளிரவுக்குப் பிறகு ஆஸ்பத்திரி. நெஞ்சில் நீர்.

ஏப்ரல் 17

உள்ளே ஒருவரைத்தான் விடுகிறார்கள். மனைவி நிற்கிறாள். கடைகள் இன்னும் திறக்கவில்லை, புத்தாண்டு லீவு. ஆறு மில்லிமீற்றர் பித்தளைக் கம்பி, ஒரு சாண் போதும்.

ஏப்ரல் 18

மனைவி வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுத் திரும்பப் போகும்போது, கேட்காமலே, மூன்று ரவுண்டோடு இருந்த கிளிப்பைக் கைலேஞ்சியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

ஏப்ரல் 19

மத்திய வீதியில் ஒரு கடை அரைக்கதவு திறந்திருந்தது. கம்பி கிடைத்தது. கடைகிறேன்.