அந்தக் கணக்கைச் சொல்லியிருக்க வேண்டுமா?

இறந்த துணை வருவதாக உணர்பவர்களைப் பற்றிய என் ஆய்வுக்கான நேர்காணல் முடியப்போகிற நேரத்தில்தான் அந்த அம்மா கேட்டார், "எனக்கு மூளையில ஏதாவது கோளாறாம்மா?" இறந்துபோன கணவர் விடியற்காலையில் கட்டிலின் மறுபக்கம் வந்து உட்காருவதையும், மெத்தை அமுங்குவதையும், அவர் தொண்டையைக் கனைப்பதையும் அதுவரை நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். இந்த மாதிரிக் கேள்வி வந்தால் "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று திருப்பிவிட வேண்டும், அப்படித்தான் எங்களுக்குப் பயிற்சி. பயந்துபோய்க் கேட்பவரிடம் எனக்கு அது வரவில்லை.

சொல்லிவிட்டேன். வேல்ஸில் டெவி ரீஸ் என்ற மருத்துவர் துணையை இழந்த 293 பேரிடம் கேட்டு 1971இல் வெளியிட்ட ஆய்வில், கிட்டத்தட்ட பாதிப்பேர் இறந்தவரை உணர்ந்ததாகவோ பார்த்ததாகவோ குரலைக் கேட்டதாகவோ சொல்லியிருக்கிறார்கள், பெரும்பாலோர் அதற்குமுன் யாரிடமும் வாய்திறந்ததில்லை, இது நோய் இல்லைம்மா என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. அப்புறம், "அப்போ எல்லாருக்கும் வர்றதுதானா? அவர் எனக்காக வர்றார்னுல்ல நினைச்சேன்" என்றார்.

அந்த எண்ணிக்கை, வருவது அவர் கணவரா இல்லையா என்பதைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. எத்தனை பேருக்கு இப்படித் தோன்றுகிறது என்று மட்டும்தான் சொல்கிறது. அதையும் விளக்கினேன், ஆனால் விளக்கம் போய்ச் சேர்ந்த மாதிரித் தெரியவில்லை. தனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ என்று பயப்படுபவரிடம் பதில் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருப்பது ஆய்வு நெறியா என்ன? இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனாலும் அவருக்கு இருந்த பயத்தோடு சேர்த்து வேறு ஒன்றையும் எடுத்துவிட்டேனோ என்று இரவில் தோன்றுகிறது.

நான் தகவல் கொடுத்த பிறகு வந்தது என்பதால் அந்த அம்மாவின் அந்தப் பதிலைத் தரவாகக் கொள்ளக் கூடாது என்கிறார் என் ஆய்வு நெறியாளர். முறைப்படி அவர் சொல்வது சரி. ஆனால் தூக்க முடக்கமாக, அதாவது விழிப்பு வந்தும் உடல் அசையாமல் பக்கத்தில் யாரோ இருப்பதுபோல் தோன்றும் நிலையாக, இருக்குமோ என்று பிரித்துப் பார்க்க, விழித்திருந்தீர்களா, கை கால் அசைந்ததா, அறையில் வெளிச்சம் இருந்ததா என்று நான் அடுக்கிய கேள்வி எதிலும் "எனக்காக" என்ற அந்தச் சொல் வரவில்லையே! அதை விட்டுவிட்டு அந்த அம்மாவின் அனுபவத்தை நான் எப்படி எழுதுவது?

இப்போதெல்லாம் யாராவது கேட்டால், அந்த ஆய்வைச் சொல்வதற்கு முன்னால், "அவர் வர்றது உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொள்கிறேன். அதுவும் பதிலைத் தூண்டும் கேள்விதான் என்கிறார் நெறியாளர். இருக்கலாம்.