அப்பத்தாவின் தகரப் பெட்டியில் பலகோணங்கள்

மூன்று வாரமாக மாலையில் இதே வேலையாக இருக்கிறேன். அப்பத்தா விட்டுப்போன தகரப் பெட்டியிலிருந்து நாணயங்களை எடுத்து, வெள்ளைத்தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைகிறேன். பிறகு பக்கத்தையும் கோணத்தையும் அளந்து, அது எந்தப் பலகோணம் என்று எழுதி வைக்கிறேன். "பார்த்தாலே தெரியாதா?" என்று அம்மா கேட்டார். ஐந்து பைசா சதுரம் என்பது பார்த்தால் தெரியும். பழைய இரண்டு ரூபாய்க்கு எத்தனை பக்கம் என்று நான் கேட்டேன். அம்மா எட்டு என்றார், தம்பி பத்து என்றான். இரண்டுமே தவறு.

முதல் வாரம் அலுமினிய இருபது பைசாவோடு போனது. 1982-இல் வந்த ஆறு பக்க நாணயம் அது. அதன் முனைகள் மழுங்கியிருப்பதால் கோணமானியை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. நாணயத்தை எடுத்துவிட்டு, அடுத்தடுத்த இரண்டு பக்கங்களையும் அளவுகோல் வைத்து வெளியே நீட்டினேன். கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம்தான் உண்மையான முனை. அங்கே வைத்து அளந்ததில் 119, 121, 120, 120, 118, 121 வந்தன. கூட்டினால் 719. அறுங்கோணத்தின் உட்கோணங்கள் 720 பாகையாக வர வேண்டும். பென்சில் கோட்டின் தடிமனை நினைத்தால் ஒரு பாகைப் பிழை பெரிதல்ல. மூன்று நாணயங்களை ஒரு முனையில் சேர்த்து வைத்தேன். முனை மழுங்கிய இடத்தில் சிறு துளை மட்டும் விட்டு, மூன்றும் கச்சிதமாகப் பொருந்தின. மூன்று 120 சேர்ந்தால் 360 என்பதை விரல் நுனியில் உணர்ந்த நேரம் அது.

எல்லாப் பக்கமும் எல்லாக் கோணமும் சமமாக இருந்தால்தான் அது ஒழுங்கு பலகோணம் என்றேன். பக்கங்கள் சமமாக இருந்தால் போதாதா, கோணம் எதற்கு என்று தம்பி கேட்டான். ஆறு தீக்குச்சிகளை சைக்கிள் வால்வ் டியூப் துண்டுகளால் கோத்துக் கொடுத்தேன். லேசாக அழுத்தியதும் நசுங்கி வேறு வடிவமானது. குச்சியின் நீளம் மாறவில்லை, கோணம்தான் மாறியது. மூன்று குச்சி முக்கோணம் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

இரண்டாம் வாரம் இரண்டு ரூபாய். எண்ணும்போது ஒருமுறை பத்து வந்தது, மறுமுறை பன்னிரண்டு. எந்த முனையில் தொடங்கினோம் என்பது மறந்துவிடுகிறது. அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒரு முனையில் ஒட்டிவிட்டு எண்ணியதும் பதினொன்று என்று முடிவானது. இதைக் கோணத்தாலும் உறுதிசெய்ய நினைத்ததில்தான் இடறினேன். பதினோரு பக்க ஒழுங்கு பலகோணத்தின் உட்கோணம் ஏறத்தாழ 147.3 பாகை, பன்னிரண்டு பக்கத்துக்கு 150. வித்தியாசம் மூன்று பாகைகூட இல்லை. என் அளவுகளோ 145-க்கும் 150-க்கும் இடையில் அலைந்தன. 2020-இல் புழக்கத்துக்கு வந்த பன்னிரண்டு பக்க இருபது ரூபாயைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஒரு பக்கம் சுமார் 7 மில்லிமீட்டர்தான். ஆக, பக்க நீளமும் கைவிட்டது, கோணமும் கைவிட்டது.

இரண்டு நாள் கழித்து, பொட்டு ஒட்டிய முனைக்கு நேர் எதிரே என்ன இருக்கிறது என்று தற்செயலாகப் பார்த்தேன். முனை இல்லை, ஒரு பக்கத்தின் நடுப்பகுதி இருந்தது. இருபது ரூபாயில் முனைக்கு எதிரே முனை. ஒழுங்கு பலகோணத்தில் பக்கங்கள் ஒற்றைப்படை என்றால் முனைக்கு எதிரே பக்கம்தான் வரும், இரட்டைப்படை என்றால் முனைதான் வரும். கோணமானியே வேண்டாம். நாணயத்தை மேசையில் செங்குத்தாக ஒரு பக்கத்தில் நிறுத்தி, மேலே அளவுகோலைப் படுக்க வைத்தால் போதும். இருபது ரூபாயில் அளவுகோல் தட்டையாக அமர்கிறது. இரண்டு ரூபாயில் ஒற்றை முனையில் ஊசலாடுகிறது. எனக்கு இந்த மூன்று வாரத்தில் கிடைத்த பெரிய செல்வம் இதுதான்.

பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் எளிதில் அடையாளம் காணும்படி வடிவமைத்த நாணய வரிசையில் வந்தது அந்த இருபது ரூபாய். அதனால் இந்த வாரம் கண்ணை மூடிக்கொண்டு பழகுகிறேன். கட்டைவிரலை ஒரு முனையில் வைத்து, ஆள்காட்டி விரலை எதிரே கொண்டுபோனால் குத்துகிறதா, வழுக்குகிறதா என்று கவனிக்கிறேன். நேற்று இரண்டு வகையையும் கலந்து பத்து நாணயம் எடுத்ததில் எட்டு சரி. தவறிய இரண்டும் முனை தேய்ந்த பழைய இரண்டு ரூபாய்கள். அவற்றை மட்டும் தனியே ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.