தமிழ்ப் பெயர் வந்தால் மட்டும் பொருந்தாத கையொப்பம்

மயிலாப்பூரில் அப்பாவின் நண்பர் காப்பித்தூள் கடை வைத்திருக்கிறார். அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். மாதாமாதம் வீட்டுக்கே தூள் வாங்குகிறவர்களுக்காக ஒரு சின்ன இணையதளம் செய்து தரச் சொன்னார். பொட்டலத்தில் ஒட்டும் சீட்டில் வாடிக்கையாளர் பெயர் அவர்கள் எழுதிய மாதிரியே வரவேண்டும் என்பது மட்டும்தான் அவர் கேட்டுக்கொண்டது. பக்கங்கள் இரண்டு வாரத்தில் முடிந்தன. பணம் வாங்கும் பகுதி ஒரு மாதம் இழுத்தது.

வாடிக்கையாளரிடம் பணம் வாங்கித் தருவது ஒரு பணப் பரிவர்த்தனைத் தளம். முதல் நாலு நாள் எஸ்டிகே (அந்தத் தளமே எழுதித் தரும் நிரல் தொகுப்பு) இல்லாமல், அதன் ஏபிஐயை, அதாவது மற்ற நிரல்கள் அதனோடு பேசும் வாசலை, நேரடியாகவே அழைத்தேன். நம்மை அடையாளம் காட்டும் சாவியை அனுப்புவது, பதில் வராவிட்டால் திரும்ப முயல்வது, பிழை எண்ணைப் பார்த்துப் பிரிப்பது என்று எல்லாம் என் கையால் எழுதியவை. அப்புறம் அதே தளம் தரும் பைத்தான் எஸ்டிகேக்கு மாறினேன். எழுதியதில் பாதிக்கு மேல் தேவையில்லாமல் போனது. ஆனாலும் அந்த நாலு நாளை வீண் என்று சொல்லமாட்டேன். இரண்டு பக்கத்துக்கும் இடையில் என்ன போகிறது, என்ன வருகிறது என்று கண்ணால் பார்த்திருந்தது பின்னால் உதவியது. தொகையை ரூபாயில் இல்லாமல் பைசாவில் தரவேண்டும், 250 ரூபாய்க்கு 25000 என்று, அதுவும் அப்போதே பழகிவிட்டது.

மார்கழி தொடக்கத்தில் கடையின் இணையதளத்தைத் திறந்தோம். மூன்றாம் நாள் மாமா போன் செய்தார். “தம்பி, பணம் வந்துடுச்சுன்னு பேங்க் மெசேஜ் காட்டறாங்க. நம்ம திரையில நிலுவைன்னே நிக்குது. எல்லாருக்கும் இல்ல, சில பேருக்கு மட்டும்.”

வேளச்சேரியில் ரயில் ஏறித் திருமயிலையில் இறங்கிக் கடைக்குப் போனேன். பின்னால் அரவை இயந்திரம் ஓட, நின்றுபோன ஆர்டர்களைத் திரையில் வரிசையாகப் பார்த்தேன். அத்தனை பேரும் பெயரைத் தமிழில் எழுதியவர்கள். ஆங்கிலத்தில் எழுதியவர்களில் ஒருவர்கூட இல்லை. நான் சோதித்தபோது கொடுத்த பெயர்களோ எல்லாம் ஆங்கிலம்.

பணம் வந்ததும் பரிவர்த்தனைத் தளம் நம் சர்வருக்கு ஒரு வெப்ஹூக், அதாவது தானாக வரும் அறிவிப்புச் செய்தி, அனுப்பும். அதை உண்மையில் அவர்கள்தான் அனுப்பினார்களா என்று உறுதிசெய்ய, செய்தியையும் இரண்டு பக்கத்துக்கும் தெரிந்த ரகசியத்தையும் சேர்த்து எஸ்ஹெச்ஏ-256 என்ற கணக்கு முறை கொண்டு ஒரு கையொப்பம் போட்டு உடன் அனுப்புவார்கள். எஸ்டிகேயில் இருக்கும் செயற்கூறு அதே கணக்கை நம் பக்கத்தில் போட்டு ஒப்பிடும். அதற்குச் செய்தி வந்த வடிவிலேயே வேண்டும். செய்தி வருவது ஜேசான் என்ற எழுத்து வடிவில். நான் அதைத் தனித்தனி விவரங்களாகப் பிரித்து வைத்திருந்ததால், அவற்றையே மறுபடி ஒரே எழுத்துச் சரமாக்கிக் கொடுத்திருந்தேன். இடைவெளிகளை நீக்கியதும் ஆங்கிலப் பெயர்களுக்குக் கையொப்பம் பொருந்தியது. சரி, முடிந்தது என்று விட்டுவிட்டேன்.

காரணம் எனக்கு நீளத்தில் பிடிபட்டது. நானே ‘மீனாட்சி’ என்ற பெயரில் ஓர் ஆர்டர் போட்டு, வந்த செய்தியின் நீளத்தையும் நான் திரும்ப உருவாக்கியதன் நீளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டேன். என்னுடையது சரியாக 24 பைட் (கணினி நீளத்தை அளக்கும் அலகு) அதிகம். மீனாட்சி நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினி எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில், கொம்பும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதால், எட்டுக் குறிகள். அவற்றைப் பைட்டாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 24. பைத்தானின் ஜேசான் நூலகமோ, நாம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, ஆஸ்கி (ஆங்கில எழுத்து, எண், அடிப்படைக் குறிகள்) அல்லாத ஒவ்வொரு குறியையும் பின்சாய்கோட்டுடன் ஆறு எழுத்தாக விரித்துவிடும். 48 ஆகிவிட்டது. ஒரு பைட் மாறினாலே கையொப்பம் பொருந்தாது. இங்கே பெயர் முழுவதும் மாறியிருக்கிறது.

விரிக்காதே என்று ஒரு அமைப்பை மாற்றினால் அன்றைக்கு வேலை நடந்திருக்கும். எனக்கு மனம் ஒப்பவில்லை. நாளை ஒரு தசம எண்ணோ வேறு குறியோ வேறு மாதிரி எழுதப்பட்டு வந்தால் மறுபடி இதே கதை. என் சர்வர் நிரலை எழுதிய ஃபிளாஸ்க் என்ற பைத்தான் கருவியில் வந்த பைட்டுகளைத் தொடாமல் எடுத்து எஸ்டிகேயிடம் கொடுத்தேன். சரிபார்த்த பிறகுதான் ஜேசானைப் பிரிக்கிறேன். மாற்றியது இரண்டே வரி.

நின்றுபோன ஆர்டர்களை மீட்பது தனி வேலை. எஸ்டிகே வழியாக மூன்று நாள் பணப் பட்டியலைக் கேட்டேன். பத்துதான் வந்தது. எண்ணிக்கை சொல்லாவிட்டால் முதல் பத்தோடு நிறுத்திக்கொள்ளும் என்று ஆவணத்தில் இருந்தது. பக்கம் பக்கமாகக் கேட்கும் சுழற்சி எழுதினேன். அப்போதும் இரண்டு குறைந்தன. மார்கழியில் கோலம் போட எழுந்தவர்கள் விடிகாலை ஐந்து மணிக்கே பணம் கட்டியிருக்கிறார்கள். என் சர்வர், இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் நாளைப் பிரித்ததால், விடிகாலை 5:30க்கு முந்தைய பணமெல்லாம் முந்தைய நாள் கணக்கில் விழுந்திருந்தது. நாள் எல்லையை இந்திய நேரத்துக்கு மாற்றியதும் அந்த இரண்டும் வந்துவிட்டன.

இப்போது என் சோதனை ஆர்டர்கள் எல்லாமே தமிழ்ப் பெயரில்தான். ஸ்ரீ, கௌ, க்ஷ மூன்றும் கட்டாயம் இருக்கும். அன்று இரவு நின்றுபோன பதினான்கு பொட்டலங்களுக்கும் சீட்டு அச்சானது. மாமா ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்துத்தான் ஒட்டினார்.