தொடுகைக்கு எத்தனை மார்க்?

மெல்லிய அசைவுகளாலும் கைத்தொடுகையாலும் உடம்பை இலகுவாக இயங்கக் கற்றுத்தரும் ஃபெல்டன்கிரைஸ் முறையில் பயிற்சி பெறுகிறேன். வருகைப் பதிவேட்டில் எனக்கு இரண்டு நாள் குறைகிறது. காய்ச்சலில் போனது. அடுத்த அணியோடு சேர்ந்து ஈடுகட்ட வேண்டும். வீடியோ பார்த்தால் போதாதா என்று கேட்டேன். போதாது என்றார் ஆசிரியை.

ஃபெல்டன்கிரைஸ் பயிற்சி மொத்தம் 800 மணி நேரம். குறைந்தது 160 நாள், மூன்று நான்கு வருடங்களுக்குப் பரவிக் கிடக்கும். 1975இல் இந்த முறையை உருவாக்கிய மோஷே ஃபெல்டன்கிரைஸ் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய பயிற்சியும் நான்கு கோடைகள் நடந்தது. இந்த நாள் கணக்கு ஆரம்பத்தில் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் நான் வராத அன்று என் ஜோடிக்குக் கை வைத்துப் பழக ஓர் உடம்பு இல்லை. அவர் சும்மா உட்கார்ந்திருந்தாராம். கேட்டதும் மனசு கஷ்டமாகிவிட்டது.

அப்புறம் மதிப்பெண். எங்கள் வகுப்பில் அது கிடையாது, எழுத்துத் தேர்வும் இல்லை. போன வாரம் ஆசிரியையே மேசையில் படுத்துக்கொண்டார். அவர் தலைக்கு அடியில் இரண்டு கைகளையும் நுழைத்து, மெல்ல வலப்பக்கம் உருட்டப் பார்த்தேன். நகரவே இல்லை. கண்ணை மூடியபடியே சொன்னார்: "மூச்சைப் பிடிச்சு வச்சிருக்கீங்க. முதல்ல அதை விடுங்க."

விட்டேன். என் தோள் இறங்கியது. அவர் தலை உள்ளங்கையில் கனமாக அமர்ந்து, தானாகத் திரும்பியது.

இதற்கு நூற்றுக்கு எத்தனை போடுவது? பள்ளியிலிருந்தே மார்க்குக்காகப் படித்தவள் நான். அன்றைக்கு வீட்டுக்கு வந்தும் அந்தக் கனம் கையிலேயே இருந்தது.

சனிக்கிழமை ஈடுகட்டும் வகுப்பு. போர்வையை மடித்துப் பையில் வைத்துவிட்டேன்.